நுரையீரலுக்கு மூலிகை தெரியாது

1

கடந்த சில மாதங்களாக ஒரே செய்தி பல கைகள் மாறி எங்களை வந்தடைந்தவண்ணம் இருக்கிறது. துளசி, நொச்சி, ஓமம், கற்பூரவள்ளி, மஞ்சள் ஆகியவற்றின் ஆவியையோ புகையையோ நாள்தோறும் கால் மணி நேரம் உள்ளிழுத்து வந்தால் நுரையீரல் புற்றுநோய் அண்டவே அண்டாது என்பது அச்செய்தியின் சாரம். முன்னோர் அறிவு, மறைக்கப்பட்ட மருத்துவம், மருந்து நிறுவனங்களின் சதி என்ற வழக்கமான தாளிப்புகளுக்கும் குறைவில்லை. இதில் எங்களை வருத்தியது செய்தி அன்று; அதை அனுப்பியவர்கள்தாம். ஒருவர் இருபதாண்டுகளாகக் கவிதை எழுதுபவர். ஒருவர் சிற்றிதழ் நடத்திக் கைப்பொருளை இழந்தவர். மற்றொருவர் இராமநாதபுரம் மாவட்டத்தில் பள்ளி ஆசிரியர். நாங்கள் மதிக்கும் வாசகர். ஒரு கவிதையில் ஒரு சொல் பிசகினால் மூன்று பக்கம் எதிர்வினை எழுதும் இவர்கள், உயிர் தொடர்பான ஒரு கூற்றை ஒரு கேள்வியும் இன்றி அடுத்தவருக்குக் கடத்தியிருக்கிறார்கள்.

இதைச் சிரித்துக் கடந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் ஆசிரிய நண்பரைக் காண இராமநாதபுரம் சென்று, அவருடன் சாயல்குடிப் பக்கம் ஒரு நாள் சுற்றித் திரும்பியபின் அவ்வாறு கடக்க மனம் வரவில்லை. காரணத்தை அடுத்துச் சொல்கிறோம். எங்கள் வாதத்தை முதலிலேயே வைத்துவிடுகிறோம். நுரையீரல் புற்றைத் தடுப்பது என்றால் மூச்சில் கலந்திருக்கும் தீங்கை நீக்குவது. மூச்சுக்குள் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதால் அது தடுக்கப்படும் என்பதற்கு இன்றுவரை சான்று இல்லை. சேர்த்துக் கெடுத்ததற்குச் சான்றுகள் உண்டு. சேர்ப்பதைப் பற்றிய பேச்சு, நீக்க வேண்டியதை நம் கண்ணிலிருந்து மறைக்கிறது. இதுவே எங்கள் சினத்திற்குக் காரணம்.

2

இராமநாதபுரத்தின் தென்பகுதியில் பயணம் செய்தவர்களுக்குக் கரிமூட்டத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பிறருக்காகச் சில வரிகள். மழை பொய்க்கும் அந்தச் செம்புழுதியிலும் கரிசலிலும் எவர் தயவும் இன்றி வளர்ந்து நிற்பது ஒரே மரம். காட்டுக்கருவை, வேலிக்கருவை, சீமைக்கருவேல் என்று பல பெயர் அதற்கு. அயல் கண்டத்திலிருந்து கொண்டுவரப்பட்டு, விறகுக்கும் வேலிக்கும் என்று விதைக்கப்பட்ட மரம், இன்று கண்மாய்க்குள்ளும் வயலுக்குள்ளும் புகுந்து நிற்கிறது. அதை வெட்டித் துண்டுகளாக்கி, வட்டமாக நெருக்கி அடுக்கி, மேலே செத்தையும் தழையும் பரப்பி, மண்ணால் மூடிப் பூசித் தீ வைப்பார்கள். காற்று தாராளமாகப் போனால் எல்லாம் சாம்பலாகிவிடும். எனவே சிறு துளைகள் வழியே கொஞ்சமாக மூச்சு விடவிட்டு, நாட்கணக்கில் உள்ளுக்குள்ளேயே வேகவிடுவார்கள். முதலில் வெண்புகை; பிறகு கண்ணைக் கரிக்கும் மஞ்சள் புகை; இறுதியில் மெல்லிய நீலம். புகையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே மரம் எந்தப் பதத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். அதற்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். மண் எங்காவது விரிந்தால் அந்த இடத்தை உடனே பூச வேண்டும். ஆறியபின் கரியைப் பிரித்து, சலித்து, சாக்கில் அள்ள வேண்டும். சலிப்பது பெரும்பாலும் பெண்கள்.

நாங்கள் நின்ற மூட்டத்தருகே அறுபதைக் கடந்த ஓர் அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைச் சுற்றிக்கொண்டு கரி சலித்துக்கொண்டிருந்தார். பேசும்போது இடையிடையே இருமினார். மூச்சுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டோம். "ராத்திரிக்கு நொச்சித் தழையப் போட்டு வேது புடிச்சுக்கிருவேன் தம்பி. செத்த நேரம் நெஞ்சு லேசா இருக்கும். விடிஞ்சா இங்கனதான வரணும்" என்றார். எங்களுடன் வந்த ஆசிரிய நண்பர் தலைகுனிந்தார். மூலிகை ஆவி பற்றிய செய்தியை எங்களுக்கு அனுப்பியவர் அவர்தானே.

இந்தக் கட்டுரை முழுவதையும் அந்த அம்மாவின் மூன்று வாக்கியங்களில் அடக்கிவிடலாம். பகல் முழுதும் ஒரு தாவரத்தின் புகை. இரவில் கால் மணி நேரம் மற்றொரு தாவரத்தின் ஆவி. நொச்சி வேது அவருக்குத் தரும் ஆறுதலை நாங்கள் மறுக்கவில்லை. சூடான நீராவி அடைத்த மூக்கை இளக்கும், சளியைத் தளர்த்தும், களைத்த உடலுக்கு அது ஓர் அரவணைப்பு. ஆனால் பகலின் புகையை இரவின் ஆவி கழுவிவிடும் என்று அவரிடம் எவராவது சொன்னால், அது அறியாமை என்ற எல்லையைத் தாண்டிக் கொடுமையாகிவிடுகிறது. ஏனெனில் அவர் அதை நம்பக்கூடும். நம்பினால் இருமலுக்கு மருத்துவமனை செல்வதைத் தள்ளிப்போடக்கூடும். மூட்டத்துக்காரரிடம் ஒரு நல்ல முகக்கவசம் கேட்கவேண்டும் என்ற எண்ணமே எழாமல் போகக்கூடும்.

மரப்புகையில் கரியமிலவாயுவும் கார்பன் மோனாக்சைடும் மட்டுமா இருக்கின்றன? பென்சோபைரீன் இருக்கிறது, பார்மால்டிஹைட் இருக்கிறது. இவ்விரண்டையும் மனிதருக்குப் புற்று உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. வீட்டுக்குள் விறகும் சாணமும் எரிப்பதால் வரும் புகையை, புற்று உண்டாக்க வாய்ப்புள்ளது என்று அதற்கடுத்த பிரிவில் வைத்திருக்கிறது. இவை யாவும் தாவரப் புகைதாம். செயற்கை ஒன்றும் இல்லை. "இயற்கையானது" என்ற சொல் சான்றிதழாகுமானால், கரிமூட்டத்தைவிட இயற்கையான மூலிகைச் சிகிச்சை நிலையம் இக்கடற்கரையில் வேறு இருக்க முடியாது.

3

உடனே நண்பர்கள் எங்களைத் தமிழ் மருத்துவத்தின் பகைவர் என்று வகைப்படுத்திவிடக்கூடும். பொறுத்தருள்க. நாங்கள் சொல்ல விரும்பும் வரலாறு, நம் மண்ணுக்கு அவர்கள் தரும் பெருமையைவிடக் கூடுதலான பெருமையைத் தருவது.

சித்த மருத்துவம் புறமருத்துவ முறைகளை முப்பத்திரண்டாக வகுக்கிறது. வேதும் புகையும் அவற்றுள் அடங்கும். ஆக, மருந்தை மூச்சு வழியே செலுத்தலாம் என்ற எண்ணம் இங்கு மிகப் பழையது. 1802ஆம் ஆண்டையொட்டி, சென்னையில் மருத்துவ அதிகாரியாக இருந்த ஆண்டர்சன் என்பவர், இங்குள்ளோர் ஊமத்தையைப் புகைத்து இழுப்பு நோயைத் தணித்துக்கொள்வதைக் கவனித்தார். அச்செடி ஜென்ட் என்ற படைத்தலைவர் வழியாக எடின்பரோவைச் சேர்ந்த மருத்துவர் சிம்ஸிடம் சென்று சேர்ந்தது. அங்கிருந்து ஐரோப்பா முழுவதும் பரவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னரும் ஊமத்தைச் சுருட்டுகள் மருந்துக்கடைகளில் விற்கப்பட்டன. இலக்கிய வாசகர்களுக்கு ஒரு துணைச் செய்தி: ஆஸ்துமாவால் வாழ்நாளெல்லாம் அவதியுற்ற மார்செல் புரூஸ்த் இத்தகைய மருந்துச் சுருட்டுகளையும் புகைத்தூளையும் நாடியவர். நம் வேலியோரத்துச் செடியின் உறவு ஒன்று பாரிஸின் அந்த மூடிய அறைக்குள்ளும் புகைந்திருக்கிறது.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. ஊமத்தைப் புகை மூச்சுக்குழாயை விரித்தது உண்மை. கூடவே நாவை உலர்த்தியது. இதயத்தைப் படபடக்க வைத்தது. அளவு மிஞ்சினால் பிதற்றலில் தள்ளியது. ஊமத்தையைத் தின்றவன் பித்தனாவான் என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். எனவே செடியில் வேலை செய்வது எது என்று தேடினார்கள். அட்ரோப்பினும் அதன் இனத்தைச் சேர்ந்த பொருள்களும் பிரித்தெடுக்கப்பட்டன. அட்ரோப்பினின் மூலக்கூறை மாற்றி, நுரையீரலோடு நின்று இரத்தத்தில் அதிகம் கலக்காத இப்ராட்ரோப்பியம் உருவாக்கப்பட்டது. 1970களில் அது மருந்தாக வந்தது. இன்று எந்த ஊர் மருந்துக்கடையிலும் கிடைக்கும் உறிஞ்சு மருந்துகளுள் அதுவும் ஒன்று. ஓர் அழுத்தத்துக்குச் சுமார் 20 மைக்ரோகிராம். புகை போய்விட்டது, கரி போய்விட்டது, பித்து போய்விட்டது. பயன் மட்டும் தங்கியது.

இதற்கு இணையான இன்னொரு கதை கிழக்கு மத்தியதரைக் கடற்கரையைச் சேர்ந்தது. அங்கு நாட்டு மருத்துவத்தில் வழங்கிய ஒரு செடியின் விதையிலுள்ள கெல்லின் என்ற பொருளிலிருந்து தொடங்கி, 1965இல் குரோமோகிளைக்கேட் என்ற உறிஞ்சு மருந்தைக் கண்டடைந்தார் ரோஜர் ஆல்டூன்யன். அவரே ஆஸ்துமா நோயாளி. தனக்கு இழுப்பை வரவழைக்கும் பொருளைத் தானே நுகர்ந்து, பின் ஒவ்வொரு மருந்தாகத் தன் மேலேயே சோதித்துப் பார்த்தவர். ஆர்தர் ரான்ஸமின் சிறுவர் நாவலில் வரும் ரோஜர் என்ற சிறுவனுக்கு முன்மாதிரி இவர்தான் என்பதைக் கதை வாசிப்போர் அறிந்திருக்கலாம். நம் ஆடாதோடையும் இவ்வழியில் நடந்த செடிதான். அதிலுள்ள வாசிசின் என்ற பொருளின் வழியே வந்ததுதான் இன்று சளி மருந்துகளில் சேரும் புரோம்ஹெக்சின்.

ஆகவே தாவரப் பொருளை உள்ளிழுத்துப் பயன் பெற முடியாது என்று நாங்கள் சொல்லவில்லை. பெற்றிருக்கிறோம். ஆனால் எப்படிப் பெற்றோம்? எந்தப் பொருள், எவ்வளவு, எந்த நோய்க்கு, எவருக்கு, எத்தனை நாள், தீங்கு என்ன என்று கேட்டுக் கேட்டுப் பெற்றோம். மரபுக்கு மரியாதை செய்வது அதுதான். செடியின் பெயரை உச்சரித்துவிட்டுக் கேள்வியை நிறுத்திக்கொள்வது மரபைச் சாமியாக்கி மூலையில் வைப்பது.

4

ஆஸ்துமாவில் நடந்தது புற்றுநோயில் ஏன் நடக்கக்கூடாது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை காலத்தில் இருக்கிறது.

இழுப்பு நோயாளி மருந்தை இழுத்தால் சில நிமிடங்களில் அவர் நெஞ்சே பதில் சொல்லிவிடும். ஊமத்தையின் பலனை நம் முன்னோர் ஆய்வுக்கூடமின்றிக் கண்டறிய முடிந்ததன் மர்மம் இதுவே. நுரையீரல் புற்று அப்படிப்பட்டதன்று. புகைபிடிக்கத் தொடங்கியவனுக்கு அது வர இருபது, முப்பது ஆண்டுகள் ஆகலாம், வராமலும் போகலாம். வாழ்நாள் முழுதும் புகைத்தவர்களிலும் பெரும்பாலோருக்கு அது வருவதில்லை. அப்படியிருக்க, நாள்தோறும் துளசி ஆவி பிடித்த ஒருவருக்குப் புற்று வரவில்லை என்றால் அது துளசியாலா? வராமல் போனதை எவரும் கண்ணால் காண முடியாது. ஆயிரக்கணக்கானோரை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கொடுத்து மறுபிரிவுக்குக் கொடுக்காமல், ஆண்டுக்கணக்கில் எண்ணிப் பார்த்தால் மட்டுமே அது தெரியவரும். எந்த முனிவரும் ஞானக்கண்ணால் கண்டிருக்க முடியாத விஷயம் இது. சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள உறவைக்கூட 1950இல் டால், ஹில் ஆகியோரின் ஆய்வு போன்ற கணக்கெடுப்புகள்தாம் வெளிக்கொணர்ந்தன.

அப்படி எண்ணிப் பார்த்த ஒரு முயற்சியின் கதையை ஒவ்வொரு மூலிகை ஆர்வலரும் அறிய வேண்டும். காரட்டுக்கும் மாம்பழத்துக்கும் நிறம் தரும் பீட்டா கரோட்டின் ஒரு தாவரப் பொருள். காய்கனி மிகுதியாக உண்போருக்கு நுரையீரல் புற்று குறைவாக இருப்பது கவனிக்கப்பட்டிருந்தது. இரத்தத்தில் பீட்டா கரோட்டின் மிகுந்தோருக்கும் அவ்வாறே. எல்லாம் ஒரே திசையைக் காட்டின. பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, சிலருக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் அது மாத்திரையாகத் தரப்பட்டது. 1994இல் முடிவு வந்தது. மாத்திரை உண்டவர்களிடையே நுரையீரல் புற்று 18 விழுக்காடு கூடியிருந்தது. ஆம், கூடியிருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரைக் கொண்டு, பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஏ-யையும் சேர்த்து நடந்த மற்றோர் ஆய்வு, புற்று 28 விழுக்காடு கூடியது கண்டு 1996 ஜனவரியில் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டது.

இவை விழுங்கும் மாத்திரைகள், உள்ளிழுத்தவை அல்ல. எனினும் படிப்பினை ஒன்றே. உணவில் நன்மை செய்யும் தாவரப் பொருள், தனியே பிரித்து அளவு கூட்டிக் கொடுத்தபோது, எவரைக் காக்க வேண்டுமோ அவரையே கொன்றது. ஆய்வை நடத்தியவர்கள் நல்லெண்ணம் உடையவர்கள், அறிஞர்கள், கையில் சான்றுகளோடு தொடங்கியவர்கள். அவர்களே தவறினார்கள். ஆனால் எண்ணிப் பார்த்ததால் தவறை அறிந்து நிறுத்தினார்கள். நம் கைபேசிச் செய்தியின் வழியே ஆவி பிடிப்பவர்களை எண்ணுபவர் யார்? தீங்கு நேர்ந்தால் நிறுத்தப்போவது யார்?

மஞ்சளின் குர்க்குமின் சோதனைத் தட்டில் புற்றணுக்களைக் கொல்கிறது என்பார்கள். கொல்லும். தட்டிலுள்ள அணுக்களைக் கொல்வது பெரிய வித்தை அன்று. உப்பைக் கூட்டினாலும் அவை சாகும். விழுங்கினால் குர்க்குமின் மிகக் குறைவாகவே உடலில் சேர்கிறது. ஆகவே நேரே நுரையீரலுக்குத் தூவினால் என்ன என்பது ஆய்வாளர்கள் கேட்கத் தகுந்த கேள்வி. தேயிலைப் பொருள்களை எலிகளுக்கு இவ்வாறு தூவிப் பார்த்தும் இருக்கிறார்கள். நடக்கட்டும், நல்லது. ஆனால் மனிதரின் நுரையீரல் புற்றைத் தடுக்கும் என்று நிறுவப்பட்ட உள்ளிழுக்கும் தாவரப் பொருள் இன்று ஒன்றுகூட இல்லை. எலியின் கூண்டுக்கும் சாயல்குடிக் கரிமூட்டத்துக்கும் இடையில் உள்ள தூரத்தை ஒரு கைபேசித் தட்டலில் கடந்துவிட முடியாது.

5

"பலன் இல்லாவிட்டால் போகிறது, தீங்கும் இல்லையே" என்பது அடுத்த தற்காப்பு. இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது.

வயிற்றுக்குச் சில காவல்கள் உண்டு. நாக்கு துப்பும், குடல் ஒதுக்கும், கல்லீரல் உடைக்கும். நுரையீரலின் நுண்ணறைகளில் காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையே இருப்பது தலைமுடியின் பருமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத மென்படலம். அங்கே போய்ப் படிவதை வெளியேற்றுவது எளிதன்று. வைட்டமின் ஈ தாவர எண்ணெய்களில் நிறைந்திருப்பது. உண்ணலாம், தோலில் பூசலாம். அதன் ஒரு வடிவமான வைட்டமின் ஈ அசிடேட்டை மின் சிகரெட்டு எண்ணெயில் கலந்து அமெரிக்காவில் ஆவியாக இழுத்தார்கள். 2019இல் தொடங்கி 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், அல்லது இறந்தார்கள். உறுதி செய்யப்பட்ட மரணங்கள் மட்டும் 68. அந்நோய்ப் பரவலோடு மிக வலுவாகத் தொடர்புபடுத்தப்பட்ட பொருள் இந்த வைட்டமின்தான். வாயிலும் தோலிலும் நண்பனாக இருந்தது நுரையீரலில் எமனாயிற்று.

தாவரப் பொருள் புகைக்குத் தோழனாகிய வரலாறு இன்னும் நீளமானது. புதினாவின் மெந்தால் தொண்டையைக் குளிரச் செய்து, சிகரெட்டுப் புகையை ஆழமாக இழுக்க வைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2020 மே மாதம் மெந்தால் சிகரெட்டுகளைத் தடை செய்தது அதனால்தான். இந்தோனேசியாவின் கிராம்புச் சிகரெட்டைப் பற்றி அந்நாட்டில் வழங்கும் கதை, நம் கதையின் கண்ணாடி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் குதுஸ் நகரத்தில் ஜம்ஹரி என்பவர் நெஞ்சு வலிக்குக் கிராம்பு எண்ணெய் பூசிக் குணம் கண்டாராம். பூசினால் குணமாவது உள்ளே போனால் இன்னும் நல்லதாயிற்றே என்று கிராம்பைப் புகையிலையில் கலந்து புகைத்தாராம். முதலில் மருந்தாக விற்ற அச்சரக்கு இன்று ஒரு நாட்டையே இருமவைக்கும் பெருந்தொழில். டெண்டு இலையில் சுற்றிய நம் பீடியும் தாவரம்தான். உள்ளே இருப்பதும் தாவரம்தான். "மூலிகை பீடி" என்று விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எரிந்தபின் அதில் மூலிகை எங்கே மிச்சமிருக்கிறது? எரியும் எந்த இலையும் தாரும் கார்பன் மோனாக்சைடும் தரும்.

இராமேஸ்வரம் நண்பர் ஒருவர் சாம்பிராணியைப் பற்றிக் கேட்டார். வழிபாட்டைப் பற்றி நாங்கள் எதுவும் சொல்வதற்கில்லை. சிங்கப்பூரில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சீனர்களைத் தொடர்ந்து கவனித்து 2008இல் வெளியான ஆய்வில், நெடுங்காலம் ஊதுவத்திப் புகையில் வாழ்ந்தோருக்கு நுரையீரல் புற்று ஒட்டுமொத்தமாகக் கூடவில்லை. ஆனால் மூச்சுப் பாதையில் வரும் செதிளணுப் புற்று என்ற வகை கூடியிருந்தது. இதிலிருந்து கோயிலுக்குப் போகாதே என்ற முடிவு வராது. சன்னலைத் திறந்து வை என்ற முடிவுதான் வரும். ஆனால் சாம்பிராணிப் புகை நுரையீரலைச் சுத்தம் செய்கிறது என்ற முடிவு எக்காலத்தும் வராது.

2021 மே மாதத்தில், கொரோனா இரண்டாம் அலையின்போது, தமிழகத்தின் பொது இடங்களில் மூலிகை ஆவிக் குழாய்கள் வைக்கப்பட்டதையும் மக்கள் வரிசையில் நின்று முகத்தைக் காட்டியதையும் நாம் மறந்திருக்க முடியாது. ஒருவர் இருமிய காற்றை மற்றவர் இழுப்பதற்கே அது வழி செய்யும் என்பதால், பொது இடங்களில் ஆவி பிடிப்பதை ஊக்குவிக்க வேண்டாம் என்று அப்போதைய மக்கள் நல்வாழ்வுத்துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் கேட்டுக்கொண்டார். வைத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். அச்சம் வந்தால் நாம் எதையாவது உள்ளிழுக்கத் தேடுகிறோம் என்பதற்கு அக்காட்சியே சாட்சி.

6

இனி எங்கள் வீட்டுக் கணக்கைப் பார்க்கலாம். இலக்கியக்காரர்களாகிய நமக்கு இதில் பங்கே இல்லையா?

நம் கதைகளில் விறகடுப்புப் புகை எப்படி வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். அது அம்மாவின் மணமாக வருகிறது. இழந்த கிராமத்தின் மணமாக வருகிறது. ஊதுகுழலும் கையுமாகக் கண் சிவந்து அமர்ந்திருந்தவளின் நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்று அந்தக் கதைசொல்லி மகன் கேட்பதில்லை. நகரத்துக்கு வந்து எரிவாயு அடுப்பில் சமைத்த சோற்றைத் தின்றபடி, விறகடுப்புச் சோற்றின் சுவைக்காக ஏங்குகிறான். நம் கவிதைகளில் பீடி என்பது தனிமையின் குறியீடு. அறிவுஜீவியின் ஆறாம் விரல். நாங்களும் அப்படி எழுதியவர்கள்தாம், மறுக்கவில்லை. புகையை இவ்வளவு காலம் அழகியலாக்கிய கை, இன்று புகையை மருத்துவமாக்கும் செய்தியைத் தயக்கமின்றிக் கடத்துவதில் வியப்பென்ன? இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள். புகையைச் சுவாசிப்பவளின் பக்கத்திலிருந்து அதைப் பார்க்க மறுப்பதே அந்நோய்.

"எங்கள் பாட்டி விறகடுப்பில் சமைத்துத் தொண்ணூறு வயது வாழ்ந்தாள்" என்ற வாக்கியத்தை நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். வாழ்ந்த பாட்டிக்கு ஒரு பேரன் இருக்கிறான், சொல்கிறான். நாற்பதில் இருமிச் செத்தவளின் கதையைச் சொல்ல எவர் மிஞ்சினார்? அவள் சாவுக்கு ஒரு மருத்துவர் பெயர் சூட்டினாரா? நெஞ்சுச் சளி, காசம், காற்று சேட்டை என்று ஊர் எதையோ சொல்லி எடுத்துப் போட்டுவிட்டது.

மருந்து நிறுவனங்களின் பேராசை பற்றிச் சொல்வதில் உண்மை உண்டு. அதை எழுதவும் வேண்டும். ஆனால் ஒருவன் பொய் சொல்கிறான் என்பதால் அவன் எதிரி சொல்வது மெய்யாகிவிடாது. மூலிகை ஆவிக் கருவி விற்பவரும் வணிகர்தான். அவர் பெட்டியின் மேல் ஒரு முனிவரின் படம் இருக்கிறது, அவ்வளவே வேறுபாடு. புற்றுநோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதற்கு 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டத்திலேயே தடை இருக்கிறது. சட்டத்துக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. விளம்பரத்துக்கு மட்டும் நரை இல்லை.

7

குறை சொல்லிவிட்டு எழுந்து போவது எங்கள் வழக்கமன்று. நீக்க வேண்டியவை எவை என்பதையும் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது புகையிலை. உலகில் நுரையீரல் புற்றுகளில் ஏறத்தாழ 85 விழுக்காட்டுக்குப் புகைபிடித்தலே காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விட்டுவிட்டவருக்குப் பத்தாண்டுகளில் ஆபத்து, தொடர்ந்து புகைப்பவருக்கு இருப்பதில் பாதியளவாகக் குறைகிறது. இந்தப் பலனைத் தரும் மூலிகை ஒன்று கிடைத்திருந்தால் அதற்குக் கோயில் கட்டியிருப்போம். ஒன்றையும் உள்ளிழுக்காமலே அது கிடைக்கிறது என்பதால்தானோ என்னவோ, நமக்கு அதில் கவர்ச்சி இல்லை.

இரண்டாவது அடுப்பு. 2006இல் அமைந்த தமிழக அரசு ஏழைகளுக்கு இலவச எரிவாயு அடுப்பு வழங்கியது. 2016இல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. இவற்றால் பல வீடுகளில் புகை குறைந்தது உண்மை. ஆனால் அடுப்பு இருந்தும் உருளை வாங்கக் காசில்லாமல், முற்றத்தில் இலவசமாக நிற்கும் கருவை மரத்துக்கே திரும்பும் வீடுகளை நாங்கள் கண்டோம். உருளையின் விலை பற்றிய பேச்சைப் பொருளாதாரம் என்று ஒதுக்காதீர்கள். அது நுரையீரல் மருத்துவம்.

மூன்றாவது கரிமூட்டம். குடியிருப்பை விட்டு விலகிய இடம், புகைபோக்கியோடு கூடிய மேம்பட்ட சூளை, துகளை உண்மையிலேயே தடுக்கும் முகக்கவசம், தொழிலாளருக்கு ஆண்டுக்கொருமுறை நெஞ்சுச் சோதனை. இவை எவையும் நிலாவுக்குப் போகும் செலவல்ல. இராமநாதபுரத்தில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டிருக்கிறது. கரி சலிக்கும் பெண்களின் நெஞ்சைக் கேட்டுப் பார்த்து எண்ணிக் குறிக்க அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. மூலிகை ஆர்வலர்கள் எவரேனும் அத்தகைய கணக்கெடுப்புக்குக் குரல் கொடுத்தால், அவர்களோடு சேர்ந்து மனு எழுத நாங்கள் முன்வருகிறோம். நொச்சியைப் பற்றியும் அதே கணக்கில் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளலாம். எங்களுக்குத் தடையில்லை.

நான்காவது நம் கை. மூன்று வாரத்துக்கு மேல் இருமலா, சளியில் இரத்தமா, காரணமின்றி உடல் இளைப்பா? ஆவி பிடித்துக் காத்திருக்காமல் மருத்துவரைப் பார் என்ற வாக்கியத்தை, அந்த மூலிகைச் செய்தி சென்ற அத்தனை பேருக்கும் நாம் அனுப்பலாம். இதில் கவிதை இல்லைதான். உயிர் இருக்கிறது.

எங்கள் ஆசிரிய நண்பர் அதைச் செய்துவிட்டார் என்று அறிகிறோம். அந்த அம்மாவை அடுத்த வாரமே மருத்துவமனைக்கு அழைத்துப்போவதாகவும் சொன்னார். அவர் வர ஒப்புக்கொண்டாராம். ஆனால் மூட்டம் பிரிக்கும் நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார், அன்றைய கூலி போய்விடுமே என்று.

மறுப்புகளை வரவேற்கிறோம். ஒரே ஒரு நிபந்தனை: எழுதும் முன்பு, காற்று உங்கள் பக்கம் வீசும் நாளாகப் பார்த்து, ஒரு கரிமூட்டத்தருகே ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்து எழுதுங்கள்.